கஞ்சா, கடன், பொய்: அமெரிக்கப் பாதுகாப்பு கிளியரன்ஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைக்கு ராணுவத்துக்கு வேலை செய்து கொடுக்கும் நிறுவனத்தில் வேலை கிடைத்துவிட்டது என்று சந்தோஷமாக ஒரு ஃபோன் வரும். அடுத்த வாரமே அதே வீட்டிலிருந்து இன்னொரு ஃபோன், குரலைத் தாழ்த்திக்கொண்டு: "இந்த ஃபார்ம்ல என்னென்னமோ கேக்குறாங்க, எல்லாத்தையும் எழுதணுமா?" வர்ஜீனியா பக்கம் வாழ்கிறவன், பத்து வருஷத்துக்கு மேல் கிளியரன்ஸோடு, அதாவது அரசின் ரகசியத் தகவலைப் பார்க்கும் அனுமதியோடு வேலை பார்ப்பவன் என்பதால் இந்த இரண்டாவது ஃபோன் எனக்கு நிறையவே வந்திருக்கிறது. நான் வழக்கறிஞர் இல்லை, சிக்கலான விஷயத்துக்கு வழக்கறிஞரிடம்தான் போக வேண்டும். ஆனால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

கிளியரன்ஸுக்கு நாமே விண்ணப்பிக்க முடியுமா?

முடியாது. அரசுத் துறையோ அரசு ஒப்பந்தம் வைத்திருக்கும் நிறுவனமோ "இந்த ஆளுக்கு ரகசியத் தகவலைப் பார்க்கிற தேவை இருக்கிறது" என்று முன்மொழிய வேண்டும். அமெரிக்கக் குடியுரிமை வேண்டும், கிரீன் கார்டு போதாது. கான்ஃபிடென்ஷியல், சீக்ரெட், டாப் சீக்ரெட் என்று மூன்று நிலைகள். பாதுகாப்புத் துறை சார்ந்தவர்களைப் பெரும்பாலும் டிசிஎஸ்ஏ என்ற அமைப்புதான் விசாரிக்கிறது. எல்லாவற்றுக்கும் அடிப்படை எஸ்எஃப்-86 என்ற படிவம். நூறு பக்கத்துக்கு மேல் போகும், இப்போது இணையத்தில்தான் நிரப்புகிறார்கள்.

எதை வைத்து முடிவெடுக்கிறார்கள்?

சீட் 4 என்ற உத்தரவு, 2017 ஜூனிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதில் ஏ முதல் எம் வரை 13 வழிகாட்டு விதிகள். நாட்டுப் பற்று, வெளிநாட்டுத் தொடர்பு, குடி, குற்றம், கம்ப்யூட்டரைத் தவறாகப் பயன்படுத்துவது என்று எல்லாம் உண்டு. என்னிடம் வரும் கேள்விகள் பெரும்பாலும் மூன்றைப் பற்றித்தான்: ஹெச் என்பது போதைப்பொருள், எஃப் என்பது பண விவகாரம், ஈ என்பது நடத்தை. இந்த ஈ என்ற எழுத்துக்குள்தான் பொய் சொல்வதும் மறைப்பதும் வருகிறது. மூன்றில் அதுதான் ஆளைக் கவிழ்ப்பது, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே புரிந்துகொள்ளுங்கள். கிளியரன்ஸ் யாருக்கும் உரிமை கிடையாது. 1988-இல் கடற்படைக்கும் ஈகன் என்பவருக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. நீதிமன்றத்தில் சந்தேகத்தின் பலன் குற்றவாளிக்கூண்டில் நிற்பவருக்குப் போகும், இங்கே சந்தேகம் வந்தால் அது நாட்டின் பக்கம் போகும். அதே சமயம் ஒரே ஒரு தவறை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு ஆளை ஒதுக்கவும் மாட்டார்கள். எப்போது நடந்தது, எத்தனை தடவை, அப்போது என்ன வயது, பிறகு ஆள் மாறினாரா என்று முழு மனிதரையும் பார்க்க வேண்டும் என்பது விதியிலேயே இருக்கிறது.

எங்கள் மாநிலத்தில் கஞ்சா சட்டப்படி சரிதானே, அதை ஏன் எழுத வேண்டும்?

கொலராடோவும் வாஷிங்டன் மாநிலமும் 2012-லேயே அனுமதித்துவிட்டன, கலிஃபோர்னியா 2016-இல். ஆனால் கிளியரன்ஸ் கொடுப்பது மத்திய அரசு, அது பார்ப்பது மத்தியச் சட்டத்தை. மாநிலம் அனுமதித்தது, மருந்தாகப் பயன்படுத்த டாக்டர் கார்டு கொடுத்தார், கடையில் ரசீது போட்டு வாங்கினேன், இதெல்லாம் இங்கே செல்லாது. படிவத்தில் 23-ஆம் பிரிவு கடந்த ஏழு வருஷத்தைக் கேட்கிறது, மாநிலச் சட்டம் என்ன சொன்னாலும் மத்தியச் சட்டப்படி பதில் சொல் என்று அங்கேயே எழுதியிருக்கிறது.

அதற்காகப் பயந்து நடுங்கவும் வேண்டாம். 2021 டிசம்பரில் தேசிய உளவுத் துறை இயக்குநராக இருந்த ஏவ்ரில் ஹெய்ன்ஸ் ஒரு விளக்கம் அனுப்பினார். முன்பு கஞ்சா பயன்படுத்தியிருப்பது கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயம்தான், ஆனால் அது ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது என்பது அதன் சாரம். காலேஜில் முதல் வருஷம் இரண்டு மூன்று தடவை இழுத்துப் பார்த்தவர், பிறகு விட்டவர், அதை ஒழுங்காக எழுதியவர், இப்படிப்பட்டவர்கள் கிளியரன்ஸ் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

எத்தனை மாதம் விட்டிருந்தால் போதும்?

பாதுகாப்புத் துறை கிளியரன்ஸுக்கு இத்தனை மாதம் என்று சீட் 4-இல் எண் எதுவும் இல்லை. எஃப்பிஐ மாதிரி சில அமைப்புகள் வேலைக்கு எடுக்கத் தனியாகக் கால வரம்பு வைத்திருக்கின்றன, எஃப்பிஐயில் கஞ்சாவுக்கு விண்ணப்பத்துக்கு முந்தைய ஒரு வருஷம். இப்போதும் பயன்படுத்திக்கொண்டிருப்பவருக்குக் கொடுக்கவே கூடாது என்று 2008-இல் வந்த பாண்ட் திருத்தச் சட்டம் தடுக்கிறது, அதில் பேச்சுக்கே இடமில்லை.

பொதுவாக நாள் ஆக ஆக நல்லது. சகவாசத்தை மாற்றிக்கொண்டது உதவும். இனிமேல் தொடமாட்டேன், தொட்டால் கிளியரன்ஸை ரத்து செய்யலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம், அதுவும் விதியிலேயே உள்ள வழிதான்.

காப்பாற்றவே கஷ்டமான நிலை இரண்டு இருக்கின்றன. ஒன்று, படிவத்தைக் கொடுத்த பிறகும் தொடர்வது. மத்திய அரசுக்கு இது பிரச்சினை என்று எழுத்தில் படித்து, பதிலும் எழுதிவிட்டு, அடுத்த மாதம் நண்பன் கல்யாணத்தில் மறுபடியும் என்றால் என்ன அர்த்தம்? விதி தெரிந்தும் மீறுகிற ஆள் என்று அர்த்தம். இன்னொன்று கிளியரன்ஸ் கையில் இருக்கும்போதே பயன்படுத்துவது. அதற்கு ஏழு வருஷக் கணக்கெல்லாம் கிடையாது, எப்போது நடந்திருந்தாலும் எழுத வேண்டும்.

அடராலும் இதில் வருமா? அது கவனக் குறைவுக்கு டாக்டர் கொடுக்கும் மாத்திரைதானே?

வரும். நம் வீட்டுப் பிள்ளைகள் அதிகம் சறுக்குவது இங்கேதான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அவர்கள் மனதில் இது போதைப்பொருளே கிடையாது. பரீட்சை நேரத்தில் ரூம்மேட்டுடைய மாத்திரை ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டு விடிய விடியப் படிப்பது. டாக்டர் அவருக்கு எழுதிக் கொடுத்த மருந்தை நீங்கள் சாப்பிட்டால் அது மருந்தைத் தவறாகப் பயன்படுத்தியது. படிவத்தில் இதற்குத் தனிக் கேள்வியே இருக்கிறது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அப்பாவுக்கு மிச்சமிருந்த வலி மாத்திரையை முதுகு வலிக்கு எடுத்துக்கொண்டதும் இதே கணக்குதான். பெரும்பாலும் இதெல்லாம் சின்ன விஷயமாகவே முடியும், எழுதியிருந்தால்.

நான் எழுதுவதை வைத்துப் போலீஸ் பிடிக்காதா?

போதைப்பொருள் பகுதியில் உண்மையாகச் சொன்ன பதிலை உங்கள் மேல் குற்ற வழக்கில் சாட்சியமாகப் பயன்படுத்த மாட்டோம் என்று படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள். பொய்க்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. தெரிந்தே பொய் எழுதினால் மத்தியச் சட்டத்தின் 18-ஆம் தொகுப்பு 1001-ஆம் பிரிவுப்படி ஐந்து வருஷம் வரை சிறை.

சிபிடி எண்ணெய், கஞ்சா கம்பெனி ஷேர்?

சிபிடி என்பது கஞ்சாச் செடியில் உள்ள போதை தராத பொருள், டிஹெச்சி என்பது போதை தரும் பொருள். ஹெம்ப் என்ற போதை குறைந்த வகையிலிருந்து எடுத்த, டிஹெச்சி அளவு 0.3 சதவீதத்துக்கு மேல் போகாத சிபிடியை 2018 விவசாயச் சட்டம் தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஆனால் பாட்டிலில் போட்டிருக்கும் அளவு உண்மைதான் என்று அரசு எதுவும் சான்று தருவதில்லை, சிறுநீர்ப் பரிசோதனையில் மாட்டினால் "லேபிளில் அப்படித்தான் போட்டிருந்தது" என்பது பலவீனமான பதில். கஞ்சா வியாபாரம் செய்யும் கம்பெனி என்று தெரிந்தே நேரடியாக ஷேர் வாங்குவதும் கேள்விக்கு உள்ளாகலாம். இரண்டையும் விட்டுவிடுங்கள்.

வீட்டுக் கடன், படிப்புக் கடன் எல்லாம் இருக்கிறது. கிளியரன்ஸ் கிடைக்காதா?

கடன் இருப்பது தப்பே இல்லை. மாதாமாதம் ஒழுங்காகக் கட்டுகிற ஐந்து லட்சம் டாலர் வீட்டுக் கடனை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். கட்டாமல் விட்ட நாலாயிரம் டாலர் கிரெடிட் கார்டுதான் கேள்வியாக வரும். படிவம் கேட்பது 120 நாளுக்கு மேல் பாக்கி விழுந்ததா, ஏழு வருஷத்துக்குள் திவால் மனு போட்டீர்களா, வசூல் ஏஜென்சிக்குப் போனதா, இந்த மாதிரி. இத்தனை டாலருக்கு மேல் போனால் கிடையாது என்று எந்த எல்லையும் இல்லை.

ஏன் இவ்வளவு அக்கறை? வரலாறு இருக்கிறது. ரொனால்ட் பெல்டன் என்பவர் தகவல் தொடர்பை ஒட்டுக் கேட்கும் உளவு அமைப்பான என்எஸ்ஏவில் வேலை பார்த்தவர், 1979-இல் திவாலானார், 1980 ஜனவரியில் வாஷிங்டனில் இருந்த சோவியத் தூதரகத்துக்குள் தானாகவே நடந்து போனார். கடலடிக் கேபிளை ஒட்டுக் கேட்கும் பெரிய ரகசியத் திட்டத்தை விற்று அவர் வாங்கியது சுமார் 35,000 டாலர்தான். சிஐஏவின் ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1985-இல் விவாகரத்தும் கடனுமாக இருந்தபோது சோவியத்துக்கு ரகசியம் விற்க ஆரம்பித்தார், முதல் தவணை 50,000 டாலர். பிறகு 5,40,000 டாலர் வீட்டை ரொக்கமாக வாங்கி, ஜாகுவார் காரில் ஆபீஸுக்கு வந்தும் 1994 வரை அவர் பிடிபடவில்லை, அவர் கொடுத்த தகவலால் உயிர் போனவர்கள் பலர். அதனால்தான் திடீரென்று வருமானத்துக்கு மீறிப் பணம் தெரிந்தாலும் கேள்வி கேட்கிறார்கள், பணம் இல்லாவிட்டாலும் கேட்கிறார்கள்.

லே-ஆஃப் ஆனபோது கார்டு பில் எல்லாம் நின்றுபோய்விட்டது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

வேலை போனது, ஆஸ்பத்திரிச் செலவு, விவாகரத்து, குடும்பத்தில் சாவு, உங்கள் பெயரில் யாரோ கார்டு எடுத்து ஏமாற்றியது, இவையெல்லாம் உங்கள் கையில் இல்லாத காரணங்கள் என்று விதியே ஏற்கிறது. ஆனால் அந்த வாக்கியத்துக்கு ஒரு பின்பாதி உண்டு: அந்த நிலையிலும் பொறுப்போடு நடந்துகொண்டீர்களா? வங்கியைக் கூப்பிட்டுப் பேசினீர்களா, மாதம் ஐம்பது டாலராவது கட்ட ஒப்புக்கொண்டீர்களா, கடிதங்களைப் பிரித்தாவது பார்த்தீர்களா? எனக்குத் தெரிந்த ஒருவர் மூன்று வருஷம் கடன்காரர்களின் உறைகளைப் பிரிக்காமலே ஷூ பெட்டியில் போட்டு வைத்திருந்தார். கெட்டவர் இல்லை, அவமானம் தாங்காதவர். அந்தப் பெட்டியைத் திறந்து, கவுன்சிலிங் போய், எட்டு மாதம் தவறாமல் கட்டிய ரசீதுகளோடு போனபோதுதான் அவருக்கு வழி பிறந்தது. கடன் முழுவதும் அடைந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்லை, திட்டமும் அதன்படி கட்டிய தடமும் இருக்க வேண்டும். விசாரணைக்கு முந்தின வாரம் பதறியடித்துக் கட்டினால் அதற்கு மதிப்புக் குறைவு.

வருமான வரி?

இதைத் தனியாகக் கேட்டதற்கு நன்றி. கார்டு கடனைவிட இது மோசமாகப் பார்க்கப்படுகிறது. அரசுக்குத் தாக்கல் செய்ய வேண்டியதையே செய்யாதவர் அரசின் ரகசிய விதிகளை எப்படிக் காப்பாற்றுவார் என்ற நியாயம்தான். பணம் கட்ட முடியாவிட்டாலும் தாக்கலை விடாதீர்கள், வரித் துறையான ஐஆர்எஸ்ஸிடம் தவணை கேட்டுக்கொள்ளலாம்.

நம் ஆட்களுக்கென்று இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஊரில் என்ஆர்இ (வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கான) டெபாசிட் வைத்திருப்போம், அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, அதனால் எங்குமே இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். அமெரிக்கக் குடிமகனுக்கு உலகத்தில் எங்கு வருமானம் வந்தாலும் இங்கே வரி உண்டு. வெளிநாட்டுக் கணக்குகளில் எல்லாம் சேர்த்து வருஷத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் எஃப்பார் என்ற அறிக்கையும் தர வேண்டும். எஸ்எஃப்-86 வெளிநாட்டுச் சொத்தையும் கணக்கையும் கேட்கும். அங்கே ஸ்டேட் பாங்க் டெபாசிட்டை எழுதிவிட்டு வரித் தாக்கலில் அது இல்லையென்றால் இரண்டில் ஒன்று இடிக்கும். தெரியாமல் விட்டதைத் திருத்தித் தாக்கல் செய்ய வழிகள் இருக்கின்றன, நல்ல சிபிஏவை (கணக்காளரை) பார்த்துப் படிவம் கொடுப்பதற்கு முன்னாலேயே சரிசெய்யுங்கள். கணக்கு அம்மாவோடு கூட்டாக இருந்தாலும் உங்கள் பெயர் இருந்தால் உங்கள் கணக்குதான்.

உண்மையாகவே, எழுதாமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

இந்தக் கேள்வியைக் கேட்காத வீடே இல்லை. ஒரு கதை சொல்கிறேன், ஆள் அடையாளம் இல்லாமல்.

தெரிந்த குடும்பத்துப் பையன். காலேஜ் முதல் வருஷத்தில் நாலைந்து தடவை கஞ்சா. அப்பாவிடம் கேட்டான், அவர் "இல்லைன்னு போடு, வீட்டு விஷயத்தை வெளியில சொல்லிக்கிட்டு இருப்பாங்களா" என்றார். போட்டான். டாப் சீக்ரெட் என்பதால் விசாரணை அதிகாரி பழைய ரூம்மேட்டுகளைப் போய்ப் பார்த்தார், அதில் ஒருவன் வெள்ளந்தியாக, "நாங்க எல்லாருமே அப்ப அடிச்சோம்" என்று சொல்லிவிட்டான். அதிகாரி பையனை நேரில் உட்கார வைத்து முதலில் பொதுவாகக் கேட்டார். இல்லை என்றான். குறிப்பாகக் கேட்டார், அப்போதுதான் ஒப்புக்கொண்டான். கடைசியில் வந்த தீர்ப்பில் கஞ்சா விஷயத்தை, சின்ன வயசு, ரொம்ப நாளாயிற்று, இனி பிரச்சினை இல்லை என்று தள்ளிவிட்டார்கள். படிவத்தில் ஒரு தடவை, நேரில் ஒரு தடவை சொன்ன பொய்யைத் தள்ளவில்லை. கிளியரன்ஸ் இல்லை, வேலையும் இல்லை.

அந்தப் பையனுக்கு இருபத்து மூன்று வயது. உண்மையை எழுதியிருந்தால் அவன் இன்று அந்த மேஜையில்தான் உட்கார்ந்திருப்பான் என்று நான் நம்புகிறேன். எனக்கு இன்னும் ஆறவில்லை.

இதில் குரூரமாக ஒன்றும் இல்லை, நியாயம் இருக்கிறது. கிளியரன்ஸ் உள்ளவர் தப்பு செய்துவிட்டால், ரகசியக் காகிதத்தைத் தெரியாமல் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டால், அவரே வந்து சொன்னால்தான் அரசுக்குத் தெரியும். தனக்குச் சங்கடமான உண்மையைச் சொல்கிற ஆளா என்பதற்கு எஸ்எஃப்-86தான் முதல் பரீட்சை. அது மட்டுமில்லாமல், மறைத்து வைத்த விஷயம் நாளைக்கு இன்னொருவர் கையில் மிரட்டும் ஆயுதமாகும், எழுதிவிட்ட விஷயத்தை வைத்து யாரும் மிரட்ட முடியாது.

அப்பா சொன்னதால்தான் அப்படி எழுதினேன் என்று சொல்லலாமா?

அந்தப் பையனும் சொன்னான். விதியில் ஒரு சலுகை இருக்கிறது: வழக்கறிஞரோ, பாதுகாப்பு நடைமுறையில் ஆலோசனை சொல்வதே தொழிலாக உள்ளவரோ சொன்னதால் விட்டுவிட்டு, தவறு என்று தெரிந்தவுடன் முழுதாக ஒத்துழைத்தால் அதைக் கணக்கில் எடுப்பார்கள். அப்பா, மாமா, ஆபீஸில் பக்கத்து சீட்டு அண்ணன், இவர்கள் யாரும் அந்தப் பட்டியலில் இல்லை. பெரியவர்கள் கவனிக்க வேண்டும், நாம் பாசத்தில் சொல்லும் யோசனைக்கு விலை கொடுப்பது பிள்ளை.

ஏற்கெனவே விட்டுவிட்டு அனுப்பிவிட்டேன். இப்போது?

இன்றைக்கே திருத்துங்கள். அவர்கள் ஆதாரத்தை முன்னால் வைப்பதற்கு முன்பே நீங்களாக வந்து திருத்தினால் அது பெரிய சாதகம், விதியிலேயே எழுதியிருக்கிறது. உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரியிடம் எழுத்தில் சொல்லுங்கள், அல்லது விசாரணை அதிகாரி வந்து உட்கார்ந்தவுடன், அவர் முதல் கேள்வி கேட்பதற்கு முன், "இதை விட்டுவிட்டேன்" என்று ஆரம்பியுங்கள். விஷயம் பெரியதென்றால் முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள், ஆனால் வாரக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். மறந்துபோனதும் மறைத்ததும் வேறு வேறு, அது அவர்களுக்கும் தெரியும். 2019-இல் மூன்று மாதம் இருந்த வீட்டு முகவரியை விட்டதற்கு யாரும் பொய்யர் என்று சொல்ல மாட்டார்கள்.

நீதிமன்றமே வழக்கை அழித்துவிட்டதே, அதையுமா?

பெரும்பாலும் ஆமாம். பதிவு அழிக்கப்பட்டாலும் மூடி முத்திரை வைக்கப்பட்டாலும் எழுது என்றே படிவம் சொல்கிறது, சில மத்திய போதைப்பொருள் வழக்குகளுக்கு மட்டும் விலக்கு. உள்ளூர் வக்கீல் "இனி யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை" என்று சொல்லியிருப்பார், அவர் சாதாரண வேலை விண்ணப்பத்தை மனதில் வைத்துச் சொன்னது.

மறுக்கப் போகிறோம் என்று கடிதம் வந்துவிட்டது.

அதற்குப் பெயர் எஸ்ஓஆர், காரணங்களின் அறிக்கை. அது வந்துவிட்டதாலேயே எல்லாம் முடிந்துபோகவில்லை. ஒப்பந்த நிறுவன ஊழியர் என்றால் 20 நாளுக்குள் ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் ஒப்புக்கொள்கிறேன், மறுக்கிறேன் என்று தனித்தனியாகப் பதில் எழுதி, டோஹா என்ற அமைப்பின் நிர்வாக நீதிபதி முன் நேரில் விசாரணை கேட்கலாம். கேளுங்கள். காகிதத்தில் தெரியாத வருத்தமும் மாற்றமும் நேரில் தெரியும். அதன் பழைய தீர்ப்புகள் பெயர் நீக்கி இணையத்தில் கிடக்கின்றன, உங்களுடையதைப் போன்ற பத்தைப் படித்தாலே எது எடுபடும் எது எடுபடாது என்று பிடிபட்டுவிடும். தோற்றாலும் மேல்முறையீடு உண்டு, ஒரு வருஷம் கழித்து மறுபரிசீலனை கேட்கவும் வழி உண்டு.

கிளியரன்ஸ் வந்துவிட்டது, இனி நிம்மதிதானே?

முன்பு சீக்ரெட்டுக்குப் பத்து வருஷம், டாப் சீக்ரெட்டுக்கு ஐந்து அல்லது ஆறு வருஷத்துக்கு ஒருமுறைதான் திரும்பப் பார்த்தார்கள். இப்போது தொடர் கண்காணிப்பு, கைது ஆனாலோ கடன் பாக்கி விழுந்தாலோ தானாகவே தகவல் போய்ச் சேரும். அது போவதற்கு முன் நீங்கள் போய்ச் சொல்லுங்கள். திவால், வெளிநாட்டுப் பயணம் போன்றவற்றைத் தெரிவிப்பது எப்படியும் கடமைதான்.

பிள்ளை படிவம் நிரப்பும்போது நாங்கள் கூட உட்காரலாமா?

பாதி நேரம் கட்டாயம் உட்காருங்கள். உங்கள் பிறந்த ஊர், குடியுரிமைச் சான்றிதழ் எண், சென்னையில் இருக்கும் சித்தப்பாவிடம் கடைசியாக எப்போது பேசினான் என்பதெல்லாம் உங்களைக் கேட்காமல் அவனால் எழுத முடியாது. கிரெடிட் ரிப்போர்ட்டை மூன்று நிறுவனங்களிடமிருந்தும் இலவசமாக எடுத்துக் கையில் கொடுங்கள். 23-ஆம் பிரிவு வந்ததும் காபி போடுகிறேன் என்று எழுந்து போய்விடுங்கள், நீங்கள் தோளுக்குப் பின்னால் நின்றால் அவன் உண்மையை எழுத மாட்டான். அப்புறம் திரும்பி வந்து என்ன எழுதினாய் என்று கேட்கவும் வேண்டாம்.